சங்கு ஊதிய பிறகு

திண்டுக்கல் மலைக்கோட்டையில் நின்றுகொண்டு சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைக் கைபேசியில் பார்த்தால் மணி பன்னிரண்டாக இருக்காது. சராசரியாக 12.18 இருக்கும். மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் கூடும், குறையும். ஆனால் அந்தப் பதினெட்டு நிமிட இடைவெளி எங்கள் ஊரின் நிரந்தரச் சொத்து. காரணம் எளிமையானது. நாம் பயன்படுத்தும் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகும் கோடு அது. திண்டுக்கல் இருப்பது 78 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் பதினெட்டு வந்துவிடும். அதாவது, இந்த ஊரில் எந்த வேலைக்கும் "சரியான நேரத்துக்கு" வரும் ஒருவர், தன் ஊர்ச் சூரியனுக்குப் பதினெட்டு நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறார்.

இந்தக் கணக்கில் நான் இறங்கியதற்குக் காரணம் என் பிழைப்பு. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி முடித்து முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். இன்டர்வியூவில் எப்படி உட்காருவது, மெயில் எப்படி எழுதுவது என்ற வரிசையில் "நேர மேலாண்மை" என்று ஒரு மூன்று மணி நேர வகுப்பும் உண்டு. எல்லா ஊரிலும் இந்த வகுப்புக்கு ஒரே உடம்புதான். நான்கு கட்டம் போட்டு அவசரம், முக்கியம் என்று வேலைகளைப் பிரிப்பது. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று தக்காளிப் பெயர் கொண்ட இத்தாலிய முறை. நடுவில் திருவள்ளுவர் படத்தோடு 'காலமறிதல்' அதிகாரம். இந்தக் கடைசி ஸ்லைடு எனக்கு எப்போதும் உறுத்தும். காலமறிதல் வேகமாக வேலை பார்ப்பதைப் பற்றிய அதிகாரமே இல்லை. பகலில் காக்கை கூகையை வெல்லும், கொக்கு மீன் வரும்வரை ஒடுங்கி நிற்கும் என்று, காத்திருப்பதைப் பற்றி அரசனுக்குச் சொன்னது. எட்டரை மணிக்கு பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறவனுக்கும் கொக்குக்கும் என்ன சம்பந்தம்?

வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா பூட்டுப் பட்டறையில், தறியில், தோல் ஷாப்பில், பூ மார்க்கெட்டில். பிள்ளை ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ, இல்லை வேடசந்தூர் பக்கத்து மில் ஆபீஸுக்கோ போகிறாள். அப்படியொரு பெண் ஒருமுறை எழுந்து கேட்டாள்: "சார், காலைல ஒம்போதரைக்கு உள்ள இருக்கணும்னு ஆஃபர் லெட்டர்ல போட்ருக்கு. சாயந்தரம் எத்தன மணிக்கு வெளிய வரலாம்னு எங்கயுமே போடலையே சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிப்புக்கான கேள்வியாகப் படவில்லை. இருநூறு வருடத் தொழிலாளர் வரலாறு அந்த இரண்டு வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது.

*

இந்தப் பக்கத்துக்குக் கடிகார நேரம் ரயிலில் ஏறி வந்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர்கேஜ் தடம் 1875இல் போடப்பட்டது. அந்த ரயில் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். மெட்ராஸ் வானாய்வு நிலையம் 1792இலிருந்தே நுங்கம்பாக்கத்தில் இயங்கிவந்தது. அங்கே வேலை பார்த்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முன்னால் என்று சொன்னார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருப்பதாலும், தந்தி வழியாக நேரத்தைச் சொல்லி அனுப்ப முடிந்ததாலும் இந்தியா முழுக்க ரயில்கள் பல காலம் மெட்ராஸ் நேரத்தைத்தான் வைத்துக்கொண்டன. மெட்ராஸ் நேரத்துக்கும் திண்டுக்கல் சூரியனுக்கும் ஒன்பது நிமிட வித்தியாசம். 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது இன்னொரு ஒன்பது நிமிடம் சேர்ந்தது.

ஒன்பது நிமிடத்துக்கு இங்கே யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பம்பாயில் அது முப்பத்தொன்பது நிமிடம். அங்கே 1906 ஜனவரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கல்லெறிந்தார்கள். காலையில் வழக்கமான வெளிச்சத்துக்கு முன்பே எழுந்து ஓட வேண்டும் என்றால் கோபம் வரத்தானே செய்யும். பம்பாய் நகராட்சி அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தன் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கடிகார முள்ளை நகர்த்துவது யாருடைய தூக்கத்தை எடுப்பது என்று அந்த மில் தொழிலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கடிகாரத்துக்கு முன்னால் நம்மவர்களுக்கு நேரமே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நாழிகை சொல்ல ஆள் இருக்கிறார்கள். காட்டில் மாடு மேய்க்கிறவருக்குப் பதினாறு விரற்கடை நீளத் துரும்பு போதும். அதை மடித்து வெயிலில் நிறுத்தி, நிழலை வைத்து நாழிகை சொல்லிவிடுவார். நேரம் தெரிந்திருந்தது. நேரத்துக்குக் கூலி என்பதுதான் இல்லை.

சின்னாளப்பட்டியிலும் நாகல் நகரிலும் நெசவுத் தெருக்களில் பாவு ஆற்றுவதை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறினால் கஞ்சி போட்ட நூல் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் விடியும் முன்பே தெருவில் பாவை விரித்துவிட வேண்டும். இதை விடக் கறாரான ஷிஃப்ட் எது? ஆனால் கறாராக இருப்பது மேஸ்திரி இல்லை, நூல். பாவு வேலை முடிந்தால் வீட்டுக்குள் போய்ப் படுக்கலாம். பூட்டும் அப்படித்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் அதன் சாவியைப் பற்றியே எழுதினார்கள். பட்டறையின் நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது பீஸ் ரேட் உலகம். ராவுகிற ஆள் பத்து மணிக்கு வந்தால் பத்து மணிக்கான காசு, ஐந்து மணிக்கே வந்தால் அதற்கான காசு. திங்கட்கிழமை வராமல் சனிக்கிழமை ராத்திரி விளக்கு வைத்து முடித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்து வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் இதே பழக்கத்தைத் தன் நாட்டு நெசவாளர்களிடம் பார்த்தார். 1967இல் 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' இதழில் வந்த அவருடைய கட்டுரை, தொழிற்புரட்சி எப்படி மனிதர்களின் நேர உணர்வையே மாற்றியது என்று பேசுகிறது. அங்கே திங்கட்கிழமை லீவு போடுவதற்கு ஒரு புனிதரின் பெயரே வைத்திருந்தார்களாம், 'செயின்ட் மண்டே' என்று. வேலையின் அளவு நேரத்தைத் தீர்மானித்த காலம் ஒன்று, நேரத்தின் அளவு வேலையைத் தீர்மானித்த காலம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

இதைப் படித்துவிட்டுப் பழங்காலத்தை நினைத்து உருக வேண்டியதில்லை. பண்ணையில் கூலிக்குப் போனவர்களுக்குப் பொழுது என்பது சுதந்திரமாக இருந்ததில்லை. வெள்ளி முளைக்கையில் போய்ப் பொழுது சாய்ந்த பின் திரும்ப வேண்டும். பொழுது சாய்ந்ததா இல்லையா என்று முடிவு செய்கிற உரிமை வரப்பில் நிற்கிறவருக்குத்தான். நிழலை அடி வைத்து அளக்கக் கூலிக்காரருக்கும் தெரியும். அளந்து சொன்னால் யார் கேட்பது? தன் நேரத்தைத் தானே வைத்திருந்த நெசவாளியின் வீட்டிலும் ராட்டையில் தார் சுற்றிய மனைவியின் நேரம் தனிக் கணக்கில் வந்ததில்லை.

*

பிறகு சங்கு வந்தது.

தமிழில் சங்குக்கு ஏகப்பட்ட வேலை. குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்குதான், பாடைக்கு முன்னால் ஊதுவதும் சங்குதான். "அவ்ளோதான், சங்கு ஊதிட்டாங்க" என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். மில்லின் நீராவி ஊதலுக்கும் நம் மக்கள் இதே பெயரை வைத்தார்கள். நல்ல பொருத்தம். ஹார்வி சகோதரர்களின் மில் மதுரையில் 1892இல் வந்தது. என் பெரியப்பா முறையில் ஒருவர் மதுரையில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பதினைந்து வருடம் கழித்தும் விடியற்காலையில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். ஏன் பெரியப்பா தூங்கலாமே என்றால், "சங்கு காதுக்குள்ளயே இருக்குடா தம்பி, அத யாரு ரிட்டையர் பண்றது?" என்பார்.

சங்கு எத்தனை மணிக்கு ஊத வேண்டும் என்பதை ஆலைக்காரர் முடிவு செய்தார். எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும் என்பதைச் சட்டமாக்க அறுபது எழுபது வருடம் ஆனது. 1881இன் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தைகளை ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது, அதுவே சீர்திருத்தம்தான். 1891இல் பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பு. ஆண்களுக்கு வரம்பே கிடையாது. 1911இல்தான் பஞ்சாலை ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946 திருத்தத்திலும் அதை அடுத்து 1948இன் பெரிய சட்டத்திலும் 48. ஒவ்வொரு படியிலும் முதலாளிகள் தரப்பின் வாதம் கிட்டத்தட்ட ஒன்றே: இந்தியத் தொழிலாளி உள்ளே இருக்கும் நேரமெல்லாம் வேலை பார்ப்பதில்லை, வெளியே போய்ப் புகை பிடிக்கிறான், குளிக்கிறான், சாப்பிடுகிறான், அதனால் பன்னிரண்டு மணி நேரம் என்பது உண்மையில் பன்னிரண்டு மணி நேரம் இல்லை. இன்றைக்கு ஆபீஸில் 'புரொடக்டிவ் ஹவர்ஸ்' என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்களே, அதன் தாத்தா இது.

சென்னைப் பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று பெயர்கள் வரலாற்றுப் புத்தகங்களில் வரும். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் தொடக்கத்தில் வாடியாவிடம் கொண்டுபோன குறைகளில் முக்கியமானது எது தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விடுகிறார்கள் என்பது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் வெளியேறி, சாப்பிட்டு, கை கழுவி, வாசல் மூடும் முன்பு உள்ளே நுழைய வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, நிதானமாகச் சோறு தின்ன நேரம் வேண்டும் என்ற பேச்சிலிருந்து முளைத்தது. இதைவிட நல்ல நேர மேலாண்மைப் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

இதே சங்கைப் பாரதிதாசன் வீட்டுப் பக்கத்திலிருந்து கேட்டார். 'இசையமுது' தொகுப்பில் மில் தொழிலாளியின் மனைவி பாடுவதாக ஒரு பாட்டு இருக்கிறது. மாலை ஆகியும் ஊதாத ஆலைச் சங்கிடம் அவள் ஊதச் சொல்லிக் கேட்கிறாள். காலைச் சங்கு எல்லோருக்கும் கேட்கும். மாலைச் சங்குக்காகக் காத்திருக்கிறவள் வீட்டில் இருக்கிறாள். என் வகுப்பில் கேள்வி கேட்ட பெண், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மாலைச் சங்கைத்தான் ஆஃபர் லெட்டரில் தேடிக்கொண்டிருந்தாள்.

*

எங்கள் பக்கத்தில் நேரம் தவறாமைக்கு இன்னொரு வம்சமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகப் போய்விடும்.

மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1970களின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகும் வரை அந்தப் பெயர் நிலைத்திருந்தது. அந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. காந்தியின் இடுப்புக் கடிகாரம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரமவாசிகள் ஒவ்வொரு நாளும் எந்த வேளையில் என்ன செய்தார்கள் என்று டைரி எழுத வேண்டும் என்பதில் அவர் எவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. தினமும் அரை மணி நேரமாவது நூற்க வேண்டும். 1924இல் காங்கிரஸ் உறுப்பினர் ஆக மாதம் 2,000 கஜம் நூல் சந்தா என்று ஒரு விதியே இருந்தது.

ஒரே வட்டாரத்தில் இரண்டு வகை நூற்பு. காந்திகிராமத்தில் ராட்டை, வேடசந்தூர்ச் சாலையில் நூற்பாலை. இரண்டிலும் நேரம் கறார். ஒன்றில் மணியடிக்கிறவரும் நூற்க உட்காருகிறார். இன்னொன்றில் உட்காருவதில்லை. நேரம் தவறாமையையே சுரண்டல் என்று தள்ளிவிடுகிற நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பஸ் நேரத்துக்கு வந்தால் லாபம் முதலாளிக்கு மட்டுமில்லை, நத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிக்கும்தான். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஓர் ஊரின் படிநிலை தெரிந்துவிடும்.

*

இனி புத்தகங்கள். தாம்சனின் கட்டுரை வந்த அதே 1967இல் அமெரிக்காவில் பீட்டர் டிரக்கரின் 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்' வந்தது. வேலைப் பட்டியலிலிருந்து தொடங்காதே, உன் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று முதலில் எழுதிப் பார் என்பது டிரக்கரின் அறிவுரை. நல்ல அறிவுரைதான், காந்தியின் டைரியும் அதுவேதான். ஆனால் தலைப்பைப் பாருங்கள்: எக்ஸிக்யூட்டிவ். முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பவருக்கான புத்தகம் அது. நான்கு கட்டமும் அப்படியே. அவசரமானது வேறு, முக்கியமானது வேறு என்று 1954இல் ஐசனோவர் ஒரு பேச்சில் சொன்னார். அவர் அப்போது அமெரிக்க ஜனாதிபதி. அதற்கு முன் நார்மண்டிப் படையெடுப்பை நடத்திய தளபதி. 1989இல் ஸ்டீபன் கவி தன் 'ஏழு பழக்கங்கள்' புத்தகத்தில் அதைக் கட்டம் போட்டுப் பரப்பினார். பயிற்சியாளர்கள் கையில் அந்தக் கட்டங்களில் ஒன்றுக்கு 'பிறரிடம் ஒப்படை' என்று பெயர் வந்தது. வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளான டிரெய்னியிடம் இதைக் காட்டினால் என்ன ஆகும்? "யார்ட்ட சார் ஒப்படைக்கிறது, டீ கொண்டுவர்ற அண்ணன்ட்டயா?" என்றுதான் கேட்பான். அவன்தான் அடுத்தவர்கள் ஒப்படைக்கிற இடம்.

தாம்சன் தன் கட்டுரையில் தலைமுறைகளைப் பற்றி ஒன்று சொல்கிறார். முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளர்கள் நேரத்தின் அருமையை முதலாளிகளிடம் கற்றார்கள். இரண்டாம் தலைமுறை பத்து மணி நேர வேலைக்காகக் கமிட்டி அமைத்தது. மூன்றாம் தலைமுறை ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. எங்கள் ஊரில் இந்த வரிசை நேர்கோட்டில் போகவில்லை. தாத்தா வரப்பு, பெரியப்பா மில்லில் எட்டு மணி நேரம், ஓவர்டைம், போனஸ், யூனியன் ஆபீஸ் பெஞ்ச். பேத்தி பட்டம் வாங்கி லேப்டாப் பையோடு ஆபீஸுக்குப் போனதும் மறுபடி முதல் தலைமுறை. 'மேலாண்மை' என்ற சொல் அவளுக்கு ஒரு பதவியைக் கொடுப்பதுபோல் கொடுத்து, சங்கை வெளியிலிருந்து எடுத்து அவள் காதுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ராத்திரி பத்தரைக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கு அவள் பதில் போடவில்லை என்றால் அது அவளுடைய திறன் குறைவு.

மில் பக்கம் நிலைமை இன்னும் மோசமாகவே இருந்திருக்கிறது. திருமணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி மூன்று வருடம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தின் கதைகளில் திண்டுக்கல் மாவட்டம் அடிக்கடி வரும். தமிழ்நாட்டு நூற்பாலைகளைப் பற்றி 2011இல் வெளிவந்த 'காப்சர்ட் பை காட்டன்' போன்ற அறிக்கைகள் ஓவர்டைம், வெளியே போகத் தடை, கைபேசிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் பதிவு செய்தன. தாம்சன் எடுத்துக்காட்டும் பழைய ஆலை வாக்குமூலங்களிலும் தொழிலாளி கடிகாரம் வைத்திருக்கக் கூடாது என்று வரும். நேரம் தெரிந்த தொழிலாளி தொந்தரவு பிடித்தவர். இதே மாவட்டத்தில் 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஏற்றுமதி நிறுவனத்தோடு செய்துகொண்டது அது. அதன் கீழ் தொழிலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி நடந்தது. புது ஆளுக்குப் பயிற்சி என்றால் இப்படியும் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு வருடம். அதே அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறு என்றார். 1922இன் சட்டமே அறுபதோடு நின்றுவிட்டது.

நான் வகுப்பை நிறுத்திவிடவில்லை. நேரத்துக்குப் போகத்தான் வேண்டும், சொன்ன வேலையைச் சொன்ன நாளில் கொடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் முதல் மூன்று மாதத்திலேயே கெட்ட பெயர். நான்கு கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு விஷயம். ஒன்று, 1947இன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்வது: நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்துநான்கைத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஓர் அமைதி வரும். பெரும்பாலானவர்கள் இப்படியொரு சட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்கள். மேனேஜரிடம் போய் இதை ஒப்பிக்காதீர்கள், ஆனால் தெரிந்து வைத்திருங்கள் என்பேன்.

இரண்டாவது, நாற்பது பக்க நோட்டு. இரண்டு வாரம் எழுத வேண்டும். போன நேரம், வந்த நேரம், நடுவில் யார் சொல்லி எந்த வேலை. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கொண்டுவரும் நோட்டுகளை அருகருகே வைத்தால் ஒரு நாட்டின் கணக்கு தெரியும். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. 2024இல் 289, 88. ஐந்து மணி நேரத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டு வருகிறவளிடம்தான் நாம் காலையில் ஒரு மணி நேரம் சீக்கிரம் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஸ்லைடு போடுகிறோம்.

போன தடவை வந்த நோட்டுகளில் ஒன்றில், திருத்தமான கையெழுத்தில், மூன்று நாளாக ஒரே பதிவு இருந்தது. ஆபீஸ் முடிந்தது 6.00. மேடம் இருந்ததால் நாங்களும் இருந்தோம், 7.10 வரை. வேலை எதுவும் இல்லை. ஏழு மணி டவுன் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் 8.05. வீட்டில் பாத்திரம், 9.15 முதல் 9.50. நான்காம் நாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது: "6.05க்கு 'வர்றேன் மேடம்'னு சொல்லிட்டுக் கிளம்பினேன். மேடம் கடிகாரத்தப் பாத்தாங்க. சரின்னாங்க. ஏழு மணி பஸ்ல உக்கார எடம் இருந்துச்சு."